விளம்பரப் பலகையும் பூரிக்கட்டையும்

ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் நமது கிளைக் கூட்டங்களில் ஒரே விளக்கம் முன்வைக்கப்படுகிறது: "அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை, ஆகவே நாம் மக்கள் கண்ணில் படவில்லை." இதைத் தொடர்ந்து யோசனைகள் வருகின்றன. ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தலாம். தலைவர்கள் படத்துடன் பெரிய பிளெக்ஸ் வைக்கலாம். நாள்தோறும் வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். இந்த வாதத்தின் முற்பகுதி உண்மை. அதிலிருந்து பெறப்படும் முடிவோ இயக்கத்திற்குத் தீங்கானது.

பணத்தைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் வெளியான கணக்கில், பாஜக மட்டும் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் பெற்றிருந்தது அம்பலமாயிற்று. இடதுசாரிக் கட்சிகள் அந்தப் பத்திரங்களை ஏற்க மறுத்தன. வழக்குத் தொடுத்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது என்கிறது விதி. கட்சியின் செலவுக்கோ உச்சவரம்பே கிடையாது. இத்தகைய களத்தில் முதலாளித்துவக் கட்சிகளின் ஆயுதத்தை, அதுவும் அதன் மலிவுப் பதிப்பை, நாம் ஏந்திச் செல்வது எதற்காக? ஐம்பது அடிப் பலகைக்குப் பக்கத்தில் நாம் வைக்கும் ஐந்தடிப் பலகை, நாம் சிறியவர்கள் என்பதைத்தான் ஊருக்கு அறிவிக்கிறது. (விளம்பரப் பலகை என்றால் என்ன என்று செம்பூர்த் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே 13 அன்று அருகிலுள்ள சேடா நகரில் சரிந்து 17 உயிர்களைப் பறித்ததும் ஒரு பலகைதான்.)

மும்பை உழைக்கும் மக்களின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. மாட்டுங்கா லேபர் கேம்ப் வழியாக நாள்தோறும் நடக்கும் நம் இளந்தோழர்களில் எத்தனை பேருக்கு, அது அண்ணாபாவ் சாத்தேயின் அரசியல் பள்ளி என்பது தெரியும்? பள்ளிக்கூடத்தில் ஏறத்தாழ கால்வைக்காத அந்தத் தலித் தொழிலாளி, அங்கே கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து எழுதவும் பாடவும் தொடங்கினார். மன்னர் சிவாஜியின் வீரத்தைப் பாடப் பயன்பட்ட போவாடா என்னும் கதைப்பாடல் வடிவத்தை எடுத்து, 1943இல் ஸ்டாலின்கிராட் போரை ஆலைத் தொழிலாளர் முன் நிறுத்தினார். லாவணியை எடுத்து, மலபார் ஹில்லின் செல்வத்தையும் தொழிலாளர் குடியிருப்பின் வறுமையையும் எதிரெதிரே வைத்தார். அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து அவர் நடத்திய லால் பாவ்டா கலைக்குழுவின் மூலதனம் ஒரு டோலக்கும் சில குரல்களும்தான். 1960 மே 1 அன்று மும்பையைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் பிறந்ததில் அந்தக் குரல்களுக்குப் பெரும் பங்குண்டு.

"அது அந்தக் காலம்" என்று சிலர் கையை உதறுவார்கள். அப்படியானால் அடுத்த தலைமுறைக்கு வருவோம். 1972இல் வறட்சியும் விலையேற்றமும் மக்களை வாட்டியபோது, சோசலிஸ்ட் மிருணாள் கோரே, மார்க்சிஸ்ட் அகில்யா ரங்கணேகர், கம்யூனிஸ்ட் தாரா ரெட்டி முதலானோர் விலைவாசி எதிர்ப்புப் பெண்கள் முன்னணியை உருவாக்கினர். பெண்கள் வீட்டிலிருந்த பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். தட்டில் ஓங்கி அடித்தார்கள். செலவு ஒரு பைசாவும் இல்லை. ஆனால் எண்ணெயும் சர்க்கரையும் வாங்க வழியில்லாத வீட்டில் பூரிக்கட்டைக்கு வேலையில்லை. வேலையில்லாத கருவி ஆயுதமாகிறது. இதை விளக்கத் துண்டுப்பிரசுரம் தேவைப்படவில்லை. அகில்யா ரங்கணேகர் 1977இல் இதே மும்பையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்.

2020 மார்ச் 22 அன்று பிரதமர் கேட்டுக்கொண்டபடி நாடே தட்டை ஒலித்தது நினைவிருக்கலாம். காலித் தட்டின் கோபத்தைக் கைதட்டலாக மாற்றிக் காட்டினார்கள். மக்களின் வடிவங்களை நாம் பரணில் போட்டால் ஆளுங்கட்சி இறக்கி எடுத்துக்கொள்ளும்.

2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் நடந்துவந்த விவசாயிகளை எடுத்துக்கொள்வோம். 11ஆம் தேதி அவர்கள் தங்கிய சோமையா மைதானம் தாராவிக்கும் செம்பூருக்கும் இடையில்தான் இருக்கிறது. மறுநாள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இடையூறு வரக்கூடாது என்று, கொப்புளித்த கால்களுடன் நள்ளிரவிலேயே ஆசாத் மைதானத்துக்கு நடந்தார்கள். எந்த விளம்பர நிறுவனமும் யோசித்துத் தராத பிரச்சாரம் அது. மும்பையின் நடுத்தர வர்க்கம் தண்ணீரும் செருப்பும் எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தது.

இவை வென்றது மலிவாக இருந்ததால் அன்று. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முகமூடி அணிந்து நிற்பது, கைப்பேசிக்காக ஐந்து நிமிடம் ஆடிக் கலைவது என "புதுமை" என்ற பெயரில் வெறும் வித்தைகளும் நம்மிடையே நுழைகின்றன. செலவில்லாத வெற்றுக்கூத்தும் வெற்றுக்கூத்தே. சப்தர் ஹஷ்மியின் குழு காஜியாபாத் நகராட்சித் தேர்தலில் சிஐடியு வேட்பாளருக்காக நாடகம் போட்டபோது, 1989 ஜனவரி 1 அன்று எதிரிகள் தடியெடுத்து வந்து தாக்கினர். மறுநாள் அவர் உயிர் நீத்தார். தொழிலாளியின் கூலியைப் பற்றிய அந்தத் தெரு நாடகத்தை அவர்கள் அவ்வளவு அஞ்சினார்கள்.

இன்று தாராவியில் மக்களின் நெஞ்சை அறுக்கும் கேள்வி ஒன்றே: "எனக்கு வீடு உண்டா?" 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் 80 விழுக்காடு பங்குடன் நுழைந்திருக்கும் திட்டத்தில், தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து குடியிருப்போருக்கே தாராவியில் 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதன்பின் வந்தோருக்கும் மாடியில் குடியிருப்போருக்கும் வெளியே வாடகை வீடுதான், வேண்டுமானால் தவணையில் விலைக்கு. அனுப்பப்படவிருக்கும் இடங்களில் தேவனார் குப்பைமேடும் ஒன்று. இந்த நான்கு வரியைச் சொல்லாமல் "கார்ப்பரேட் கொள்ளையை முறியடிப்போம்" என்று மட்டும் பலகை வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

சொல்லும் மொழியும் சிந்திக்கத்தக்கது. மாட்டுங்காவின் ஓய்வூதியர் நம் பிரசுரத்தைத் தமிழில் வரிவிடாமல் படிப்பார். தாராவியில் பிறந்து இந்தியிலோ ஆங்கிலத்திலோ படித்த இளைஞருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. அவருக்குக் குரல்தான் வேண்டும். விடியலில் தாராவியிலிருந்து சைக்கிளில் புறப்படும் இட்லி வியாபாரி ரப்பர் ஹாரனை அமுக்கினால் தெரு முழுவதும் பாத்திரத்துடன் வெளியே வருகிறது. நம் தெருமுனைக் கூட்டத்திற்கு அப்படி ஓர் அடையாள ஒலி உண்டா? ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே மூலையில் வாரந்தோறும் கூடுகிறோமா? இன்னொன்று: நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் காலத்தில் அச்சிட்டோர், வெளியிட்டோர் பெயரின்றிப் பிரசுரம் அச்சிடுவது குற்றம், கையால் படியெடுப்பதை அதே சட்டப்பிரிவு அச்சு என்று கருதுவதில்லை. கையெழுத்துத் தட்டிக்கு ஏன் நாம் வெட்கப்பட வேண்டும்?

கணக்கெடுப்பாளர்கள் வீடுதோறும் ஓர் எண்ணை எழுதிச் சென்றார்கள். நம் சுவர்களில் இலவசமாக அவர்கள் எழுதிய அந்த எண்ணின் பொருளை, வாசலில் நின்று வீட்டாரின் மொழியில் விளக்க இரண்டு தோழர்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். எந்த ஆண்டுச் சான்று கையில் இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த வாரமும் அதே வாசலுக்குப் போக வேண்டும். 90 அடிச் சாலையில் பிளெக்ஸ் வைக்க எண்ணியுள்ள கிளைகள் அந்தத் தொகையைச் சான்றுகளுக்கு நகல் எடுத்துத் தரச் செலவிடட்டும், தகுதிப் பட்டியல் வெளியாகி ஆட்சேபணைக்கான கெடு ஓடத் தொடங்கும் முன்பே.