கட்சிக்கு முழுசு, தர்மத்துக்குப் பாதி

ஜனநாயகத்தைப் பற்றி மேடை ஏறுகிற பிரமுகர்களுக்கு உத்திரமேரூர் என்றால் ஒரு தனிப் பிரியம். குடவோலை என்ற ஒரு சொல்லை வீசினால் கைதட்டல் நிச்சயம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய அந்தக் கல்வெட்டை மேலும் படித்தால்தான் சங்கடம். வாரியத்துக்கு நிற்கிறவனுக்கு வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? மாமன், மைத்துனன், மருமகன், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், ஒருவரும் கூடாது! அது பிராமணர் சபை, ஊரில் மற்றவருக்கு அங்கே இடமில்லை. அதையெல்லாம் பொற்காலம் என்று நான் கொண்டாடவில்லை. கணக்கு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

தர்மத்துக்கு விட்ட நிலத்தை அந்நாளில் இறையிலி என்றார்கள். பல ஊர்களில் அது வெறும் தாராளம் அல்ல. தர்மம் செய்கிறவர் முன்கூட்டியே சபையிடம் ஒரு தொகை கட்டிவிடுவார். அந்த நிலத்தின் வரியைச் சபை ஏற்றுக்கொள்ளும். தள்ளிய வரி யார் தலையில் விழுகிறது என்பது ஊருக்கே தெரியும்.

இப்போது நம் சட்டத்தைப் பாருங்கள். உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர நாலு பேர் ஒரு டிரஸ்ட் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 80ஜி அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. நீங்கள் ஆயிரம் ரூபாய் கொடுத்தால், ஐந்நூறைத்தான் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதே ஆயிரத்தைப் பதிவு பெற்ற கட்சிக்குச் செக்காகக் கொடுங்கள், முழுசும் கழிவு! 2003ல் செய்த ஏற்பாடு இது. (2020ல் வந்த புதிய வரி முறையை எடுத்துக்கொண்ட தனிநபருக்கு இரண்டுமே இல்லை.)

பெயர் சொல்லாத பணத்தின் கதை இன்னும் விசேஷம். டிரஸ்டுக்கு அப்படி வருவது ஓர் அளவைத் தாண்டினால் 30 சதவீதம் வரி. முழுக்க மதம் சார்ந்த ஸ்தாபனங்களுக்குத்தான் விலக்கு. கட்சியோ இருபதாயிரம் ரூபாய்வரை கொடுத்தவர் பெயரைத் தேர்தல் கமிஷனிடம் சொல்ல வேண்டியதில்லை, வரியும் இல்லை. அதுவும் போதாதென்று 2018ல் தேர்தல் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. பத்திரப் பணமே வேண்டாம் என்று வழக்காடிய மார்க்சிஸ்ட் கட்சியை இந்த மட்டில் மெச்சுகிறேன்.

மற்றபடி இதில் கட்சி பேதமே கிடையாது. கட்சி வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பிரிவு 1978ல் ஜனதா ஆட்சியில் வந்தது. முழுக் கழிவு வாஜ்பாய் ஆட்சியில். 2009ல் காங்கிரஸ் ஆட்சி அதைத் தேர்தல் டிரஸ்டுகளுக்கும் விரித்தது. 2025ல் புது வருமான வரிச் சட்டம் எழுதினார்கள். சலுகை பத்திரமாக இருக்கிறது. தமக்குத் தாமே பரிமாறிக்கொள்கிற பந்தியில் சண்டை எப்படி வரும்?

சுத்தமான பணம் வந்தால்தான் அரசியல் சுத்தமாகும், அதற்குத்தான் சலுகை என்கிறார்கள். சரி, அப்படியானால் கொடுத்தவர் பெயரைக் கடைசி ரூபாய்வரை எழுதி வையுங்கள். கட்சிக்கு முழுசு என்றால் பள்ளிக்கூடத்துக்கும் முழுசு கொடுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பாதி போதுமென்றால் கட்சிக்கும் பாதி போதும். மருமகன் விதியை நான் கேட்கவில்லை. அதைக் கேட்டால் எத்தனை கட்சி ஆபீஸ்களைப் பூட்ட வேண்டியிருக்குமோ!