ரூபாயைக் கரைத்தவர்களும் லயத்தைப் பார்க்காதவர்களும்

நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

கொழும்பில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகள் சிலர் கொஞ்சக் காலமாக ரோன் போல் என்ற அமெரிக்க அரசியல்வாதியின் வீடியோக்களைப் பகிர்ந்து வருகிறார்கள். டெக்சாஸ்காரர், டொக்டர், குடியரசுக் கட்சிக்காரர். ஈராக் போர் வேண்டாம் என்றார். அமெரிக்க மத்திய வங்கியை இழுத்து மூடு என்றார். 2008இலும் 2012இலும் ஜனாதிபதி வேட்பாளர் நியமனத்துக்குப் போட்டியிட்டார், சொந்தக் கட்சியே அவரை ஏற்கவில்லை. அரசு சுருங்க வேண்டும், பிற நாட்டுச் சண்டையில் தலையிடக் கூடாது, பணம் அச்சடிக்கக் கூடாது என்று சொல்லும் இவர்களை லிபர்டேரியன்கள் என்கிறார்கள். "சேர், இது நம்ம நாட்டுக்குச் சரியா?" என்று இன்பொக்ஸில் கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் எனக்கும் இவர்களுடைய கொழும்புப் பதிப்புக்கும் சண்டை.

முதலில் பணம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அடிப்படை 900, படி 100. அந்த ஆயிரத்துக்காக ஐந்து வருடத்துக்கு மேல் எத்தனை ஊர்வலம், எத்தனை வேலைநிறுத்தம். அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அதாவது ஒரு நாள் பேர் 5 டொலர். அடுத்த ஆண்டு மே மாதம் டொலர் 360. அதே ஆயிரம் 3 டொலரைக்கூட எட்டவில்லை. எந்தத் துரையும் சம்பளத்தை வெட்டவில்லை, எந்தக் கங்காணியும் அரைப்பேர் போடவில்லை. ஆனால் கையில் கிடைத்தது கிட்டத்தட்ட அரைப்பேர்தான்.

"நாங்கள் டொலரையா தின்கிறோம்?" என்று கேட்காதீர்கள். காலையில் ரொட்டி சுடும் கோதுமை மா டொலரில்தான் வருகிறது. மண்ணெண்ணெய், பால்மா, பனடோல் எல்லாம் அப்படித்தான். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம்.

இது வானத்திலிருந்து விழுந்ததா? 2019 டிசம்பரில் கோட்டாபய அரசு வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கியது. செலவு குறையவில்லை. அப்போது பள்ளத்தை நிரப்பியது மத்திய வங்கி. 2019 முடிவில் அதன் கையில் இருந்த அரச கடன் பத்திரங்கள் நூறு பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2022 முடிவில் 2,500 பில்லியனுக்கு மேல். அதோடு டொலரை 203 ரூபாயில் கட்டி வைத்து, 2022 மார்ச் 7 வரை இழுத்தார்கள். வளைகுடாவில் உழைக்கும் நம்ம பிள்ளைகள் வங்கியை விட்டு உண்டியலுக்குப் போனார்கள். யார்தான் போகமாட்டார்? வங்கி வழியாக வந்த வெளிநாட்டுப் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியன்.

பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லாமல் விதிக்கப்படும் வரி என்று லிபர்டேரியன்கள் பணவீக்கத்தைச் சொல்வார்கள். இதில் நான் அவர்கள் பக்கம். அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைக் கண்டிக்க எங்கள் வேதத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் இரண்டு கிலோ குறைத்தால் நாம் கொதிக்கிறோம். ரூபாயின் நிறையைக் குறைத்தபோது கொதித்தவர் எத்தனை பேர்?

இன்னொரு கணக்கும் பாருங்கள். கொழும்புத் தேயிலை ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை 2021இல் 620 ரூபாய் அளவில் இருந்தது. 2022இல் 1,270 ரூபாய் அளவு. ரூபாய் விழ விழ தேயிலை விலை ரூபாயில் இரட்டிப்பானது. பறித்தவருக்கு அதே ஆயிரம். கம்பனிக்கும் உரம், எரிபொருள், உற்பத்தி வீழ்ச்சி என்று அடி விழுந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டொலரில் விற்பவர் தாக்குப்பிடிக்க ஒரு வழி இருந்தது. ரூபாயில் கூலி வாங்குபவருக்கு அது இல்லை.

சேமலாப நிதியும் அப்படித்தான். 2022இல் உறுப்பினர்களுக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். பிறகு 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது வங்கிகளின் கையிலிருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை, சேமலாப நிதியின் முறிகளைத்தான் நீண்டகால முறிகளாக மாற்றினார்கள். கூடையைச் சுமந்தவரின் பணம்தான் முதலில் கண்ணில் பட்டது.

இப்போது அரசியல். நம்ம நாட்டு வலதுசாரிகள் ஒரே கூட்டம் இல்லை. தேசியம் பேசும் அணி ஒன்று, சந்தை பேசும் அணி ஒன்று. முதல் அணிதான் 2020க்குப் பிறகு அச்சு இயந்திரத்தை ஓட்டியது. இரண்டாவது அணி 2020இலேயே ஐக்கிய தேசியக் கட்சி, ஐக்கிய மக்கள் சக்தி என்று பிளந்தது. பழைய கதைதான் இது. 1960களில் டட்லி அரசு நடந்தபோது பி.ஆர். ஷெனாய் என்ற இந்தியப் பொருளியலாளர், பணத்தைக் கட்டுப்பாடில்லாமல் பெருக்காதே, சந்தையைத் திற என்று அறிக்கை தந்தார். ஜே.ஆர். அந்தப் பக்கம் சாய்ந்தார், டட்லி சாயவில்லை. நம்ம தலைவர்கள் என்ன செய்தார்கள்? 2020 தேர்தலில் இ.தொ.கா. மொட்டோடு, முற்போக்குக் கூட்டணி சஜித்தோடு. இரண்டு பக்கமும் மேடையில் பேசியது சம்பளத்தின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கைக்கு நாளைக்கு என்ன வாங்கலாம் என்ற பேச்சு இல்லை.

2024 மே தினத்தில் நம்ம கொட்டகலைக்கே வந்து ஜனாதிபதி ரணில் 1,700 ரூபாய் என்றார். கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பரில் முடிந்தது 1,350 ரூபாயில். அன்றைய டொலர் 300 ரூபாய் அளவு. வகுத்துப் பாருங்கள்: 4 டொலர் 50 சதம். 2021இன் ஆயிரத்தைவிடக் குறைவு. பட்டாசு கொளுத்தியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுத்து அச்சடிப்பதைத் தடுக்கிறது. நல்லது. ஆனால் பணவீக்க இலக்கு 5 வீதம். அந்த வேகத்தில் 14 வருடத்தில் விலை இரட்டிப்பாகும். பதினெட்டு வயதில் பேர் பதிந்து அறுபதில் ஓய்வு பெறும் பெண்ணுக்கு விலைகள் எட்டு மடங்காகும். எல்லாம் திட்டப்படி நடந்தாலும்கூட.

வெளிநாட்டுக் கொள்கையிலும் இவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அரசின் கையில் அந்தப் பேனா எவ்வளவு ஆபத்தானது என்று மலையகத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மூடை எண்ணுவது போல. எங்கள் சமூகத்துக்கும் ஒரு பாடம் கிடைத்தது. கொரோனா காலத்தில் ஜனாஸாக்களை எரித்தார்கள். நாம் அழுதது கேட்கவில்லை. 2021 பெப்ரவரியில் இம்ரான் கான் வந்து போனார், அடுத்த மாதம் ஜெனீவாவில் வாக்கெடுப்பு, இடையில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. இங்கே பிறந்த குடிமகனின் கபுருக்கு இன்னொரு நாட்டின் வாக்கு விலையாக இருக்க வேண்டுமா?

அதே 2021 டிசம்பரில் ஈரானுக்குப் பாக்கியிருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் அடைக்க ஒப்பந்தம் போட்டார்கள். அதைப் பறித்தவர்களின் கூலி அந்தப் பேச்சில் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு ஒத்துப்போகிறவன் எங்கே முறிக்கிறேன்? லயத்தில்.

கொழும்புச் சந்தைவாதிகள் சொல்கிறார்கள்: சம்பளத்தை வர்த்தமானியால் நிர்ணயிக்காதே, தொழிலாளியும் கம்பனியும் பேசித் தீர்க்கட்டும். சரி. ஆனால் பேரம் பேச வேண்டுமானால் "முடியாது" என்று எழுந்து போகும் உரிமை இருக்க வேண்டும். லய அறை தோட்டத்துடையது. நிலம் அரசுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளுடையது. இருநூறு வருடமாக அந்த மண்ணைப் பண்படுத்தியவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு பேர்ச்சஸுக்குக்கூட உறுதி இல்லை. வேலையை விட்டால் வீடு என்ன ஆகும் என்று பயந்துகொண்டு பேசுவதற்குப் பெயர் சுதந்திர ஒப்பந்தமா? தனிச்சொத்துரிமைதான் எல்லாச் சுதந்திரத்துக்கும் அத்திவாரம் என்று எழுதுகிறவர்களே, அந்த உரிமை ஏன் ஹட்டன் ரயிலில் ஏறவே மாட்டேன் என்கிறது?

பழைய நல்ல ரூபாயைப் பற்றியும் இவர்கள் உருகுவார்கள். உண்மைதான். கோப்பி அழிந்து 1884இல் ஓரியண்டல் வங்கி விழுந்த பிறகு, கையிருப்பு ஈடாக இல்லாமல் நோட்டு வெளியிட முடியாத முறை வந்தது. 1950இல் மத்திய வங்கி வரும்வரை அது நீடித்தது. ரூபாய் உறுதியாகத்தான் இருந்தது. அந்த உறுதியான ரூபாயின் காலத்தில்தான் துண்டு முறையும் கங்காணிக் கடனும் நம் பாட்டன்மாரைக் கட்டிப்போட்டன. அதே காலத்தில்தான், 1948இல், டி.எஸ். சேனாநாயக்கவின் அரசு குடியுரிமையைப் பறித்தது. பணத்தை மட்டும் திருத்தினால் போதும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று பகிர்ந்த பிள்ளைகளே கேட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த மே தினத்துக்கு மேடை போட வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும், இரண்டு கேள்வி கேளுங்கள். நீங்கள் தரும் சம்பளம் அடுத்த வருடம் எத்தனை கிலோ மா வாங்கும்? எங்கள் பெயரில் உறுதி எந்தத் திகதியில் கிடைக்கும்?

2021, 2022 காலத்துச் சம்பளத் துண்டு யாரிடமாவது பத்திரமாக இருந்தால், பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டு ஒரு போட்டோ அனுப்புங்கள். பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு வீதம் படிப்பிக்கப் போகிறேன். பாடப்புத்தகத்துக் கணக்கு அலுத்துவிட்டது.