அரை நிரந்தரம்

‘செமி பெர்மனன்ட்’ என்ற சொல்லைக் கேட்ட நேரம் தொட்டு இந்தக் கிழமை முழுக்க எனக்கு எரிச்சல். அரை நிரந்தரம் என்றால் என்ன? நிரந்தர நியமனம் கேட்டு வெயிலில் கொட்டகை போட்டுக் குந்தியிருந்த தொண்டர் ஆசிரியர்களிடம் போய் “அரை நிரந்தரம் தரலாம்” என்று சொல்லிப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்தில் ஒன்று நிரந்தரம், இல்லாவிட்டால் தற்காலிகம். நடுவில் ஒன்றும் கிடையாது.

சொன்னது கனடாவிலிருந்து வந்து நிற்கும் என் பெறாமகள். வந்த மூன்றாம் நாளே என் முகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “பெரியம்மா, உங்கட புருவம் பாதியில நிக்குது. மைக்ரோபிளேடிங் செய்வம். நான்தான் காசு.” யாழ்ப்பாணத்திலேயே செய்கிறார்களாம். விலையைக் கேட்டுக்கொண்டேன். அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் ஒரு மாதம் சோறும் மீன்குழம்பும் நடக்கும்.

அறியாமல் திட்டக்கூடாது என்பதற்காக விசாரித்தேன். மெல்லிய ஊசிகளை வரிசையாக வைத்த ஒரு கைக்கருவி. அதை மையில் தோய்த்து, ஒவ்வொரு மயிருக்கும் ஒரு கீறலாகத் தோலின் மேற்பகுதிக்குள் இறக்குகிறார்கள். பழைய பச்சை போல ஆழமாய்ப் போவதில்லை. அதனால்தான் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் மங்கிவிடுகிறது. முதல் தடவை செய்து ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பப் போய்த் திருத்தவும் வேண்டும். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும், இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்களும், தழும்பு தடித்து வளரும் தோல்காரரும் டொக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகக்கூடாது. இன்னொன்றும் தெரிந்தது. புருவத்தின் வெளிப்பக்க வால் உதிர்ந்தால் அது நூல் போட்டுப் போட்டுப் பிடுங்கியதாலும் இருக்கலாம், வயதாலும் இருக்கலாம், தைரொய்ட் சுரப்பி சோம்பிக் கிடப்பதாலும் இருக்கலாம். எனக்கு உதிர்ந்தது வால்தான்.

இந்த இடத்தில் நான் தேர்ஸ்டனை இழுப்பேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் புரட்டலாம். எட்கார் தேர்ஸ்டன் 1885 முதல் இருபது வருடத்துக்கு மேல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த வெள்ளைக்காரர். போகிற வருகிறவர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். 1909 இல் ஏழு தொகுதியாகத் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி எழுதினார். அந்த மூக்களவு விஞ்ஞானத்தை நான் இந்தப் பத்தியில் எத்தனை தடவை நையாண்டி செய்திருப்பேன்! ஆனாலும் புத்தகத்தை விட முடிவதில்லை. பச்சை குத்தும் குறத்திகள் மை செய்த விதத்தை ஆள் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் தூளும் அகத்தியிலையும் சேர்த்து அரைத்து, மெல்லிய சீலையில் பூசித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் கொளுத்தி, மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்து, படிந்த கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பது. செய்முறை இவ்வளவு துல்லியம். குத்திய ஒருத்தியின் பெயர்கூட நான் தேடிய வரையில் அகப்படவில்லை. தாய்ப்பால் யாருடையது என்றும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை முதன்முதல் வாசித்தபோது எனக்கு எங்கள் குசினிதான் மணத்தது. அகத்தியையும் பாலையும் கழித்துவிட்டால் அது அம்மாவின் கண்மை. அகல்விளக்கு, ஆமணக்கெண்ணெய், கவிழ்த்த பித்தளைத் தட்டு, கரியில் ஒரு சொட்டு நெய்.

அம்மா அந்த மையை என் கண்ணுக்குச் செய்யவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுக்க எங்கள் அரியாலை வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. அந்தச் சனத்துக்குள் என் சைக்கிள் சரிந்து, யாரோ ஒருவரின் கரியர் என் இடப்புருவத்தைக் கிழித்தது. தையல் போட ஆளில்லை. ஆறியபோது புருவத்துக்கு நடுவே மயிரில்லாத ஒரு கோடு. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது தெருவுக்குத் தெரு ஆமிச் சென்றி. இளம்பிள்ளையின் உடம்பில் தழும்பு கிடந்தால் அதற்கு ஆமியிடம் ஒரே அர்த்தம்தான்: இயக்கம். பள்ளி மாணவி கிருஷாந்தி பரீட்சை எழுதிவிட்டு வரும் வழியில் சென்றியில் பிடிபட்டு வீடு வந்து சேராத 1996 செப்டெம்பருக்குப் பிறகு, நான் கம்பஸுக்குப் புறப்படும் ஒவ்வொரு காலையும் அம்மா என்னை வாசலில் இருத்தி, தீக்குச்சி முனையில் மையைத் தொட்டு அந்த வெட்டை நிரப்பினா. ஒவ்வொரு மயிராகத்தான் கீறினா. கீறும்போது மூச்சு விடமாட்டா. கிருஷாந்தியின் உடலைத் தோண்டி எடுத்த அதே செம்மணியில், 2025 ஓகஸ்ட் 5 அன்று, சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழிகளில் கிடைத்த உடுப்புகளையும் பொருள்களையும் அடையாளம் காட்டச் சொல்லி ஊருக்குப் பரப்பி வைத்தார்கள். எலும்புக்குப் புருவம் இல்லை.

ஒருநாள் வெயிலில் மை இளகிவிட்டது. ஓலையால் அடைத்த கொட்டிலுக்குள் பெண் ஆமிக்காரி என் முகத்தைப் பார்த்தாள். பெருவிரலால் புருவத்தை ஒரு இழுவை இழுத்தாள். கோடு தெரிந்தது. என்னவோ கேட்டாள். எனக்கு வந்தது ஒரு சொல்தான்: “சைக்கிள்.” அவள் “பைசிகல்?” என்றாள். தலையாட்டினேன். விரலில் ஒட்டிய கறுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை என் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறையிலேயே துடைத்து, அட்டையைத் திருப்பித் தந்தாள். அந்தக் கறை உறையில் கனநாள் கிடந்தது.

பெறாமகளுக்கு இதைச் சொல்லவில்லை. அவளோ வெட்டைத்தான் முதலில் காட்டினாள்: “இதை மறைச்சாலே பத்து வயசு குறையும்.” மூலையில் கதிரையில் இருந்த அம்மாவுக்குக் காது மந்தம், ஆனால் தேவையானது கேட்கும்.

“எவ்வளவு நாளைக்கு நிக்குமாம்?”

“மூண்டு வருசம் மட்டும் நிக்கும், அம்மம்மா.”

“மூண்டு வருசமோ! நான் பூசினது சென்றி தாண்டும் மட்டும் நிண்டால் காணும் எண்டுதான்.”

அவளுக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தாள்.

எனக்காகப் பதிவு செய்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவளே போய்த் தன் புருவத்தைச் செய்துகொள்ளட்டும். நல்ல வடிவான பிள்ளை, இன்னும் வடிவாவாள். நான் அதே நேரம் தைரொய்ட் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகிறேன். வாலின் கதை முடிவுத் தாள் வந்ததும் அடுத்த கிழமை. வெட்டு இருந்தபடி இருக்கும்.