நேர் விமானமா, மாறிப் போவதா? குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புவோர் குழப்பம்! டிக்கெட் விலையில் மறைந்திருக்கும் கணக்கு

சென்னை-

பள்ளிக்கூட லீவு நெருங்கினால் போதும். விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடைகளில் ஒரே கேள்விதான். "நேரா போற பிளைட்டா, மாறிப் போற பிளைட்டா? எது சார் நல்லது?"

ஒரு காலத்தில் இது பெரிய அதிகாரிகளும் வியாபாரிகளும் கேட்ட கேள்வி. இன்று மகன் லண்டனில், மகள் சிட்னியில் என்று ஆகி விட்டது. பேரன் முகம் பார்க்க குரோம்பேட்டை பாட்டியும் பாஸ்போர்ட் எடுத்து விட்டார். ரெயிலில் காட்பாடி தாண்டாதவர்கள்கூட துபாயில் விமானம் மாற வேண்டிய நிலை.

ஏஜெண்டு இரண்டு விலை சொல்கிறார். நேராகப் போனால் ஒரு விலை. துபாயிலோ தோகாவிலோ இறங்கி மாறினால் குறைந்த விலை. ஆளுக்கு 12 ஆயிரம் ரூபாய் வித்தியாசம் என்றே வைத்துக் கொள்வோம். நாலு பேருக்கு 48 ஆயிரம். குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவருக்கு அது லேசான தொகை அல்ல. உடனே "மாறியே போய்க்கலாம்" என்று தலையாட்டி விடுகிறார்கள்.

அவசரப்படக் கூடாது. அந்த 48 ஆயிரத்தில் எவ்வளவு கையில் தங்கும் என்பதுதான் கேள்வி.

11 மணியா, 20 மணியா?

சென்னையில் இருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேராகப் பறக்கிறது. சுமார் 11 மணி நேரம். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்கு லுப்தான்சா போகிறது. அது சுமார் 10 மணி நேரம்.

துபாய் வழியாக லண்டன் போனால் முதலில் 4 மணி நேரம், பிறகு ஏழரை மணி நேரம் போல ஆகும். பறக்கிற நேரம் என்னவோ கிட்டத்தட்ட ஒன்றுதான். நடுவில் காத்திருக்கும் நேரம்தான் ஆளைக் கொல்கிறது. 3 மணி நேரத்தில் அடுத்த விமானம் கிடைத்தால் அதிர்ஷ்டம். விலை மலிவான டிக்கெட்டுகளில் 8 மணி, 9 மணி என்று போட்டிருப்பார்கள். மொத்தம் 20 மணி நேரம் ஓடி விடும்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. சென்னையில் இருந்து நேர் விமானம் கிடையாது. எங்கே மாறுவது என்பது மட்டுமே அவர்கள் கவலை.

விலை ஏன் குறைகிறது?

சுற்றிப் போகிற விமானத்துக்கு பெட்ரோல் செலவு கூடத்தானே ஆகும், பிறகு எப்படி மலிவு என்று பலருக்குச் சந்தேகம்.

வளைகுடா கம்பெனிகளின் வியாபாரம் கோயம்பேடு பஸ் நிலையம் மாதிரி. சென்னை, கொச்சி, டாக்கா, கொழும்பு என்று ஊர் ஊராக ஆட்களை ஏற்றி ஒரே இடத்தில் கொண்டு வந்து இறக்குகிறார்கள். அங்கிருந்து லண்டன், நியூயார்க் என்று பிரித்து அனுப்புகிறார்கள். எந்த விமானமும் காலியாகப் போவதில்லை. அதனால் விலையைக் குறைக்க முடிகிறது. நேர் விமானத்துக்காரருக்கு அந்த ஊர் ஆட்கள்தான் வாடிக்கை. அவர் நேரத்துக்கும் சேர்த்து காசு வாங்குகிறார்.

இன்னொரு சங்கதி. "டைரக்ட்" என்று சீட்டில் போட்டிருந்தால் நடுவில் நிற்காது என்று அர்த்தம் இல்லை. ஒரே நம்பரில் ஓடும் விமானம் நடுவழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் அதற்கு டைரக்ட் என்றுதான் பெயர். எங்கும் நிற்காதது "நான்-ஸ்டாப்". கேட்கும்போது அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்க வேண்டும். (1948 ஜூனில் ஏர் இந்தியா முதல் லண்டன் விமானத்தை விட்டபோது பம்பாயில் கிளம்பி கெய்ரோ, ஜெனீவா என்று நின்று நின்றுதான் போனது. அன்று அதுவே அதிசயம்!)

ஒரே சீட்டா, இரண்டு சீட்டா?

பலர் ஏமாறும் இடம் இதுதான்.

சென்னை- துபாய் ஒரு கம்பெனி, துபாய்- லண்டன் வேறு கம்பெனி என்று தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் இன்னும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து எடுத்து விடுகிறார்கள்.

சென்னை விமானம் 3 மணி நேரம் லேட் என்றால் என்ன ஆகும்? இரண்டாவது விமானம் போய் விடும். அந்தக் கம்பெனியின் கணக்கில் நீங்கள் "வராத பயணி". பணம் போச்சு. முதல் கம்பெனியோ, "உங்களை துபாயில் இறக்கி விட்டோம், எங்க வேலை முடிஞ்சுது" என்று கையை விரித்து விடும். நாலு பேருக்கும் அன்றைய விலையில் புது டிக்கெட். மிச்சம் பிடித்த பணத்தைப் போல இரண்டு மடங்கு அங்கேயே காலி ஆகலாம்.

ஒரே சீட்டில், ஒரே பதிவு எண்ணில் எடுத்தால் கதை வேறு. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால், வேறு விமானத்தில் ஏற்றி விடுவது கம்பெனியின் பொறுப்பு. பெட்டியும் கடைசி ஊர் வரை தானாகப் போய்ச் சேரும்.

லண்டனில் இருந்து திரும்பும்போது இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கம்பெனியின் தவறால் சென்னைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால், இவ்வளவு தூரப் பயணத்துக்கு ஆளுக்கு 520 பவுண்டு நஷ்டஈடு கேட்க பிரிட்டிஷ் சட்டம் இடம் தருகிறது. நடுவில் துபாயில் விமானத்தைத் தவற விட்டதால் ஏற்பட்ட தாமதமும் சேரும் என்று 2017-ல் இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டு ஒரு வளைகுடா விமான கம்பெனி வழக்கில் தீர்ப்பு சொல்லி விட்டது. ஆனால் ஒரே சீட்டாக இருக்க வேண்டும். சென்னையில் இருந்து வளைகுடா கம்பெனியில் போகும்போது இந்தச் சட்டம் கை கொடுக்காது. பிரிட்டிஷ் கம்பெனியின் நேர் விமானத்தில் போனால் போகும்போதும் கை கொடுக்கும்.

இறங்காமலே விசாவா?

தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு கண்டம். பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க, அந்த நாட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டியிருக்கும். அதற்கு விசா வேண்டும். இல்லை என்றால் சென்னை கவுண்டரிலேயே ஏற்ற மறுப்பார்கள்.

ஒரே சீட்டு என்றாலும் சில ஊர்களில் கெடுபிடி உண்டு. லண்டனில் விமானம் மட்டும் மாறுவதற்கே இந்திய பாஸ்போர்ட்காரர்கள் மாற்று விசா வாங்க வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் விலக்கு கிடைக்கும். அமெரிக்காவில் மாறுவது என்றால் தப்பவே வழி இல்லை. விசா வேண்டும், முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியையும் எடுத்து சுங்கச் சோதனை முடிக்க வேண்டும்.

நம் ஊரிலும் அதே கூத்துதான். மும்பை, டெல்லி வழியாகத் திரும்பினால் பெரும்பாலும் அங்கேயே பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, சென்னை விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் குழந்தையையும் ஆறு பெட்டிகளையும் இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

வானம் மூடினால்...

கடந்த சில ஆண்டுகளில் கணக்கையே மாற்றியது இதுதான்.

2024 ஏப்ரல் 16-ந் தேதி துபாயில் 75 ஆண்டுகளில் இல்லாத மழை. விமான நிலையம் வெள்ளக்காடு. மாறிப் போக வந்தவர்கள் நாள் கணக்கில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். 2025 ஜூன் 23-ந் தேதி கத்தாரில் உள்ள அமெரிக்க தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை வீசியது. கத்தார், அமீரகம், பக்ரைன், குவைத் வான்வழிகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. வந்து கொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

நேர் விமானம் ரத்தானால் வீட்டுக்குத் திரும்பிப் போய் ரசம் சாதம் சாப்பிட்டு விட்டுப் படுக்கலாம். நடு ஊரில் மாட்டினால் பாட்டிக்கு மாத்திரை எங்கே, குழந்தைக்குப் பால் எங்கே என்று அலைய வேண்டும்.

அதற்காக நேர் விமானத்துக்கு ஆபத்தே இல்லை என்று சொல்வதற்கு இல்லை. 2025 ஏப்ரல் 24-ந் தேதி இந்திய விமானங்களுக்கு பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியது. டெல்லியில் இருந்து அமெரிக்காவுக்கு நிற்காமல் போன ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி பெட்ரோல் போட்டுக் கொண்டு போயின. நேர் விமானம் என்று கூடுதல் காசு கொடுத்தவர்களும் நடுவழியில் நின்றார்கள்! செப்டம்பர் 1 முதல் டெல்லி- வாஷிங்டன் விமானமே நிறுத்தப்பட்டது. அந்த டிசம்பரில் இண்டிகோவின் உள்நாட்டு விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, டெல்லியில் வெளிநாட்டு விமானம் பிடிக்க இருந்தவர்களுக்கும் அடி விழுந்தது.

நேர் விமானம் நாளைக்கு ஒன்றுதான் என்றால், அது ரத்தானால் மறுநாள்தான். வளைகுடா நகரங்களில் இருந்து லண்டனுக்கு வழக்கமாக ஒரு நாளில் பல விமானங்கள். ஒன்று போனால் இன்னொன்று. இதையும் தட்டில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

பாட்டி வந்தால் வேறு கணக்கு

ஆங்கிலம் தெரியாத பெற்றோரைத் தனியாக அனுப்பும் பிள்ளைகள், நன்றாக நடப்பவர்களுக்கும் சக்கர நாற்காலி கேட்டு எழுதி விடுகிறார்கள். நாற்காலிக்காக அல்ல. தள்ளிக் கொண்டு போகிறவர் சரியான வாசலில் கொண்டு போய் விடுவார் என்பதற்காக! நேர் விமானம் என்றால் அந்தப் பயமே இல்லை. ஏறினால் ஏறினதுதான், இறங்கும் இடத்தில் மகன் நிற்பான். நாற்காலி தேவைப்பட்டால் 48 மணி நேரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

"நடுவில் இறங்கினால் கால் வீங்காது" என்பார்கள். பாதி உண்மை. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தாலே காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. ஆனாலும் சுமார் 6 ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வருமாம். அடுத்தடுத்து விமானம் ஏறுவதாலும் அந்த ஆபத்து கூடும். எந்த விமானமானாலும் எழுந்து நடக்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு ஒவ்வொரு இறக்கத்திலும் காது வலிக்கும். மாறிப் போனால் அழுகை இரண்டு தடவை. பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கோ துபாய் விமான நிலையமே ஒரு பொருட்காட்சி.

ஆகவே முதியவரோ கைக்குழந்தையோ உடன் வந்தால், லண்டன், பிராங்க்பர்ட் போன்ற ஊர்களுக்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்து விடுவதே மேல். காத்திருக்கும் 8 மணி நேரத்தில் நாலு பேர் இரண்டு வேளை சாப்பிட வேண்டும். அங்கே டீ விற்கும் விலைக்கு இங்கே முழுச்சாப்பாடே கிடைக்கும். போய் இறங்கிய களைப்பில் ஒரு நாள் வீண். 48 ஆயிரத்தில் மிஞ்சுவது பாதிதான். இளம் தம்பதி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றால் தாராளமாக மாறிப் போகலாம். ஒரே சீட்டாக, நடுவில் 3, 4 மணி நேரம் இருக்கும்படி எடுத்தால் போதும். ஒரு மணி நேரத்தில் மாறி விடலாம் என்று விற்கிற டிக்கெட்டை குடும்பஸ்தன் தொடக் கூடாது.

பெட்டி விஷயம் ஒன்று பாக்கி. உலகம் முழுக்க தாமதமாகிற பெட்டிகளில் பத்தில் நாலுக்கு மேல் விமானம் மாறும் இடத்தில்தான் தங்கி விடுகின்றன. மாத்திரை, ஒரு செட் துணி, குழந்தை பால் பவுடர் கைப்பையில் இருக்கட்டும். சென்னை கவுண்டரில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டும்போது கடைசி ஊரின் மூன்றெழுத்தைப் பார்க்க வேண்டும். லண்டன் ஹீத்ரூ என்றால் "எல்.எச்.ஆர்." என்று இருக்கும். "டி.எக்ஸ்.பி." என்று மட்டும் இருந்தால் பெட்டி துபாயோடு நின்று விடும். கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே கேட்டு மாற்றிக் கொள்ள வேண்டும்.