வியட்நாம் கடல் காற்று நம் வீட்டு விளக்கை எரிக்குமா?

வியட்நாமின் தென்பகுதிக் கடலில் வீசும் காற்றிலிருந்து மின்சாரம் எடுத்து, அதைக் கடலடிக் கேபிள் வழியாக மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவர முடியுமா என்று ஆராயும் உடன்பாடு ஒன்று 2025 மே மாதம் கையெழுத்தானது. கோலாலம்பூரில் ஆசியான் உச்சநிலை மாநாடு நடைபெற்ற வேளை அது. தெனாகா நேஷனலும் பெட்ரோனாசும் இணைந்த கூட்டமைப்பு, சிங்கப்பூரின் செம்ப்கார்ப், வியட்நாமின் பிடிஎஸ்சி ஆகிய மூன்று தரப்புகள் அதில் ஒப்பமிட்டன.

இச்செய்தியைப் படிப்பவருக்கு இயல்பாக ஒரு சந்தேகம் எழும். நவம்பர் பிறந்துவிட்டால் கிளந்தானிலும் திரங்கானுவிலும் மீனவர்கள் படகைக் கரையேற்றி விடுகிறார்கள். சிலாங்கூரில் அதிகாலைப் புயற்காற்றில் மரம் சாய்ந்து கார்கள் நசுங்குகின்றன. இவ்வளவு காற்று நம்மிடமே இருக்கும்போது அண்டை நாட்டுக் காற்றை விலைகொடுத்து வாங்குவது ஏன்?

பதில் சொல்ல, காற்று எப்படி மின்சாரமாகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். செம்பனை ஆலை உள்ள தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆலையில் செம்பனை நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரிக்கிறார்கள். அதில் எழும் நீராவி ஒரு சுழலியைச் சுற்றுகிறது. சுழலியோடு பிணைந்த ஜெனரேட்டருக்குள் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து சுழல, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம் இது. தோட்ட லயங்களில் மாலை நேரத்தில் மட்டும் விளக்கு எரிந்த காலத்து டீசல் ஜெனரேட்டரும் இதே வேலையைத்தான் செய்தது. காற்றாலையில் நீராவிக்கும் டீசலுக்கும் பதில் அச்சைச் சுற்றுவது காற்று. அவ்வளவுதான் வேறுபாடு.

காற்றாலையின் இறக்கை, விமானத்தின் சிறகைப் போல வளைவாகச் செதுக்கப்பட்டிருக்கும். காற்று அதன் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால் உண்டாகும் விசை, இறக்கையை ஒரு பக்கமாக இழுத்துச் சுழற்றுகிறது. பெரிய இறக்கைகள் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்றுதான் சுற்றும். பல இயந்திரங்களில் கியர் பெட்டி அந்த வேகத்தை ஆயிரத்துக்கும் மேல் உயர்த்தி ஜெனரேட்டருக்குத் தருகிறது. கியரே இல்லாமல், நிறையக் காந்தங்களைப் பதித்து நேரடியாகச் சுற்றும் வகையும் உண்டு. காற்று ஏறி இறங்குவதால் வரும் மின்சாரமும் சீராக இராது. அதை மின்னணுக் கருவிகள் ஒழுங்குபடுத்தி, மின்மாற்றி அழுத்தத்தை உயர்த்திய பிறகே கட்டமைப்பில் சேர்ப்பார்கள்.

இறக்கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் காற்றிலுள்ள ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இறக்கைக்குப் பின்னால் காற்று அசையாமல் நின்றுவிடும், புதுக் காற்று உள்ளே வர வழியிருக்காது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் போட்ட கணக்கு இது.

ஆனால் மலேசியாவின் சிக்கல் இந்த எல்லை அல்ல, வேகம்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 16 வாட் ஆற்றல் இருக்கும். அதுவே 6 மீட்டரானால் 130 வாட். 12 மீட்டரானால் 1,000 வாட்டுக்கும் மேல். தீபகற்பத்தின் பெரும்பாலான இடங்களில் ஆண்டுச் சராசரிக் காற்று விநாடிக்கு 2 முதல் 3 மீட்டர்தான். சாதாரணக் காற்றாலை சுற்றத் தொடங்குவதே 3 அல்லது 4 மீட்டரில்.

மரத்தைச் சாய்க்கும் காற்று பத்து நிமிடம் அடித்துவிட்டுப் போய்விடுகிறது. மின்நிலையத்துக்கு வேண்டியது நாள் முழுக்க, மாதக் கணக்கில், ஒரே சீராக வீசும் காற்று. போதாக்குறைக்கு, வேகம் விநாடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலான காற்றாலைகள் சேதத்தைத் தவிர்க்கத் தாமாகவே நின்றுவிடும். ஆக, நாம் அஞ்சும் காற்று மின்சாரத்துக்கு உதவாது.

வீட்டுக் கூரையில் பொருத்தும் சின்னக் காற்றாலைகளை இணையத்தில் பார்த்து ஆசைப்படுவோரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள ஒன்று, 3 மீட்டர் காற்றில், நன்றாகவே இயங்கினாலும் 10 வாட்டைத் தொடாது. ஓர் எல்இடி விளக்குக்குத்தான் அது காணும்.

நாட்டில் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1990களில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் சபாவுக்கு அப்பால் உள்ள லாயாங் லாயாங் தீவில் 150 கிலோவாட் காற்றாலையை ஆராய்ந்தது. 2007-இல் பெர்ஹெந்தியான் கெச்சில் தீவில் இரண்டு 100 கிலோவாட் காற்றாலைகள் சூரிய சக்தியுடனும் டீசல் ஜெனரேட்டருடனும் இணைக்கப்பட்டன. டீசலைப் படகில் ஏற்றிச் செல்லும் தீவுகளுக்கு அது பொருந்தக்கூடிய வழி. பெருநிலத்தில் கணக்கு வேறு. 2011-ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின்படி சூரிய சக்தி, உயிர்வாயு, உயிரிப்பொருள், சிறு நீர்மின் திட்டம் ஆகியவற்றிலிருந்து வரும் மின்சாரத்துக்கு நிலையான விலை தரும் திட்டம் வந்தபோது, காற்று அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

வியட்நாமின் நிலை ஏன் வேறு? நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம். இங்கு காற்றைத் தள்ளும் அழுத்த வேறுபாடு குறைவு. தெற்கு வியட்நாம் இன்னும் வடக்கே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலில் இறங்கி வரும்போது அன்னமைட் மலைத்தொடர் அதைக் கரையோரமாக ஒதுக்கித் தள்ளுகிறது. ஒடுங்கிய காற்று வேகமெடுக்கிறது. ஊருக்குப் போகும்போது நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையில் முப்பந்தலில் காற்றாலைக் காடு ஒன்றைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். அங்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்றை இறுக்கிப் பிடித்து அனுப்புகிறது. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைத் திறன் வளர்ந்ததற்கு இத்தகைய கணவாய்களே முக்கியக் காரணம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கிழக்குக் கரையில் வானம் மூடி, சோலார் பலகைகளின் உற்பத்தி குறைகிறது. அதே மாதங்களில்தான் வியட்நாம் கடலில் காற்று நன்றாக வீசுகிறது. இரவிலும் வீசுகிறது. சோலாரையே பெரிதும் நம்பியிருக்கும் மலேசியத் திட்டத்துக்கு, காகிதத்தில் பார்த்தால், இது நல்ல ஜோடி. 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு.

நடைமுறையில் செலவு கூடும். உப்புக்காற்றைத் தாங்கும் இயந்திரம், கடல்படுகையில் ஊன்றும் அடித்தளம், பிறகு சில நூறு கிலோமீட்டர் கேபிள். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை அவ்வளவு தூரம் கடலடியில் அனுப்பினால், கேபிளை நிரப்பி வடிப்பதிலேயே பெரும்பகுதி போய்விடும். எனவே ஒரு முனையில் அதை டிசி மின்சாரமாக மாற்றி, மறுமுனையில் மீண்டும் ஏசியாக்க வேண்டும். இரு முனை நிலையங்களும் விலை மிகுந்தவை.

இவ்வளவையும் யார் தாங்குவது என்பதில்தான் நம் கட்டண ரசீது வருகிறது. சிங்கப்பூருக்கு வேறு வழி குறைவு. நிலமும் இல்லை, காற்றும் இல்லை. 2035-க்குள் சுமார் 6 கிகாவாட் குறைந்த கரிம மின்சாரத்தை இறக்குமதி செய்யத் திட்டமிட்டுள்ள அந்நாடு, வியட்நாமிலிருந்து 1.2 கிகாவாட் பெறும் செம்ப்கார்ப்பின் திட்டத்துக்கு 2023-லேயே நிபந்தனையுடன் ஒப்புதல் தந்துவிட்டது. அதிக விலை கொடுக்க அது தயாராக இருக்கலாம். மலேசியா அதே விலைக்கு வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தன் கம்பிகள் வழியே கடத்திவிட்டுக் கட்டணம் பெறுவதே கூட ஆதாயமாக முடியலாம்.

இன்று தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது. நிலக்கரி இறக்குமதிச் சரக்கு. உலகச் சந்தையில் விலை ஏறினால் இங்கும் ஏறும். எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் கட்டணத்தைச் சரிசெய்யும் முறை 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. மாதம் 600 கிலோவாட் மணி வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு அந்த மாற்றம் இல்லை. அதற்கு மேல் பயன்படுத்தும் வீடுகளுக்கும், குளிர்பெட்டியும் அடுப்பும் ஓயாத உணவகம் போன்ற கடைகளுக்கும் அது நேரடியாகத் தெரியும். காற்றுக்கு எரிபொருள் விலை கிடையாது. ஆனால் கேபிளுக்கும் நிலையத்துக்கும் வாங்கிய கடனை இருபது, முப்பது ஆண்டுக்குக் கட்ட வேண்டியிருக்கும்.

உடன்பாடு இப்போதைக்கு ஆய்வு அளவில்தான் நிற்கிறது. காற்றை அளந்து, கடல்படுகையை அளந்து, மூன்று நாட்டு அனுமதிகளையும் பெற்ற பிறகே ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை சென் என்ற விலை உறுதியாகும். அந்த விலையில் கேபிள் செலவு சேர்க்கப்பட்டிருக்கிறதா, அதில் சிங்கப்பூரின் பங்கு எவ்வளவு என்பதை அப்போது கேட்டாக வேண்டும்.