கல்வி வழி: அச்சோவியத்தில் மேற்படிப்பு

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளின் படிப்பே பெருஞ்செல்வமாகப் போற்றப்படுகிறது. பொறியியல், மருத்துவம், கணக்கியல், அரசுப்பணித் தேர்வு என்று பேச்செழுந்தால் பெரியோர்க்கு ஐயம் தோன்றுவதில்லை. ஓவியக் கல்லூரியில் நான்காண்டு பயின்ற மகனோ மகளோ, "அச்சோவியத்தில் முதுகலை பயில விரும்புகிறேன்" என்று கூறினால் மட்டும் வீட்டில் ஓர் அமைதி பரவிவிடுகிறது. அச்சு என்றால் அச்சகம் நினைவுக்கு வருகிறது. ஓவியம் என்றால் தூரிகை நினைவுக்கு வருகிறது. இரண்டும் கலந்த படிப்பு யாது? அதனால் அமையும் வாழ்வு யாது? இவ்வினாக்கள் இரண்டும் நேர்மையானவை. இவற்றிற்கு இயன்ற விடை கூறி, விண்ணப்பம் செய்யும் முறையையும் இத்திங்கள் எடுத்துரைப்போம்.

முதலில் கலையின் இயல்பை அறிவோம். ஓவியர் துணியின் மீதோ தாளின் மீதோ நேரே தீட்டுகிறார். அச்சோவியரோ மரப்பலகை, செம்புத் தகடு, துத்தநாகத் தகடு, சுண்ணாம்புக் கல், நுண்ணிய வலைத்துணி ஆகியவற்றுள் ஒன்றில் ஓவியத்தை அமைத்து, மை ஏற்றித் தாளில் பதித்து எடுக்கிறார். மரச்செதுக்கில் வேண்டாத பகுதியை உளியால் நீக்கிவிட, எஞ்சி நிற்கும் மேடு மையை ஏற்கிறது. எட்சிங் முறை இதற்கு நேர்மாறானது. தகட்டின் மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் அமிழ்த்தினால் கீறிய கோடுகள் பள்ளமாகின்றன. அப்பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரமாக்கிய தாளை அதன்மேல் இட்டு உருளைப் பொறியில் அழுத்தினால், பள்ளத்து மை தாளில் ஏறிவிடும். கல்லச்சில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. நெய்ப்பும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பைக் கொண்டே படம் பதிகிறது. செனஃபெல்டர் என்னும் செர்மானியர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட முறை இது.

"அச்சு என்றால் நகல்தானே?" என்று சிலர் கேட்பர். நம் முன்னோர் வீடுகளில் மாட்டியிருந்த இரவிவர்மாவின் தெய்வப் படங்கள் நகல்களே. அவர் தூரிகையால் தீட்டிய ஓவியங்களை, 1894இல் மும்பையில் நிறுவிய அச்சகத்தில் கல்லச்சுத் தொழிலாளர் பெருவாரியாகப் பதித்துக் கொடுத்தனர். கலைஞரின் அச்சோவியம் அத்தகையதன்று. தகட்டிலேயே பிறந்து தாளில் நிறைவுறுவது அது. அதற்குமுன் வேறொரு மூல ஓவியம் கிடையாது. பதித்த தாளின் அடியில் கலைஞர் 3/10 என்று பென்சிலால் எழுதிக் கையொப்பமிடுவார். பத்துப் பதிவுகள் கொண்ட தொகுதியில் இது மூன்றாவது என்பது அதன் பொருள். அப்பத்தும் மூலங்களே.

இக்கலையின் இயல்பிலிருந்தே விண்ணப்பத்தின் இயல்பும் விளங்கும். வண்ணமும் தூரிகையும் இருந்தால் வாடகை வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்தும் ஓவியம் தீட்டலாம். கனத்த உருளைப் பொறியும், அமிலத் தொட்டியும், இருவர் கூடித் தூக்க வேண்டிய கல்லும் வாடகை வீட்டில் அமைவது அரிது. ஒரு பொறியைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்தி, ஒருவர் தாளை ஒருவர் பிடித்துக் கொடுத்துச் செய்யும் கூட்டுத் தொழில் இது. ஆகவே அச்சோவிய முதுகலைக்கு விண்ணப்பித்தல் என்பது ஒரு பட்டறையில் ஈராண்டு இடம் கேட்டலே ஆகும். பட்டம் அதன்பின் வருவது. இதனை உணர்ந்த மாணவர்க்கு, எங்கே விண்ணப்பிப்பது, எதனை அனுப்புவது, நேர்காணலில் என்ன பேசுவது என்னும் மூன்றும் எளிதில் தெளிவாகிவிடும்.

எங்கே விண்ணப்பிப்பது? நம் நாட்டில் அச்சோவியத்திற்குப் பெயர்பெற்ற நிலையங்கள் சில உள. சாந்திநிகேதனத்தில் 1919இல் தாகூர் தோற்றுவித்த கலாபவனம் அவற்றுள் மூத்தது. வங்கப் பஞ்சத்தின் கொடுமையை 1943இல் நேரிற் கண்டு வரைந்த சோம்நாத் ஹோர், பிற்காலத்தில் இங்கே அச்சோவியம் பயிற்றினார். தாள்கூழை அச்சில் வார்த்து, வெண்மையின் மேல் வெண்மையாகவே அவர் படைத்த 'காயங்கள்' என்னும் வரிசை, மை இல்லாமலும் அச்சோவியம் அமையும் என்று காட்டியது. வடோதராவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்துக் கவின்கலைப் புலம் 1950இல் தொடங்கியது. அங்கே பயின்ற ஜோதி பட், 1960களின் நடுவில் நியூயார்க்கில் அச்சோவியம் கற்றுத் திரும்பி அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். ஐதராபாத் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் முதுகலை உண்டு.

நம் பெற்றோர் மனத்தில் கொள்ளத்தக்க ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். தமிழ்க் குடும்பத்தில், 1924இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றதனால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. 1944இல் மொழி வேறான சாந்திநிகேதனம் சென்று கலை பயின்றார். வடோதராவிலும் சாந்திநிகேதனத்திலும் ஆசிரியராக விளங்கி, ஓவியம், சுவரோவியம், அச்சோவியம், குழந்தை நூல் எனப் பல துறைகளில் உழைத்தார். 2012இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2016இல் வடோதராவில் மறைந்தார். வேற்றூர் செல்வது நம்மவர்க்குப் புதிதன்று. கலையின் பொருட்டுச் செல்வதும் புதிதன்று.

நிலையத்தின் பெயரை மட்டும் நோக்கி விண்ணப்பித்தல் போதாது. கல்லச்சில் வேட்கையுடைய மாணவர், பயன்படும் நிலையில் கற்களும் அதற்குரிய பொறியும் உள்ளனவா என்று கேட்டறிய வேண்டும். பொறி ஒன்றிற்கு மாணவர் எத்தனை பேர், மாலையிலும் விடுமுறையிலும் பட்டறை திறந்திருக்குமா, அமில அறையில் புகையை வெளியேற்றும் விசிறி உள்ளதா, தாளும் தகடும் யார் செலவு என்பனவும் கேட்கத்தக்கவை. இவற்றைக் கேட்பது பணிவின்மை ஆகாது. இயன்றால் ஒருநாள் நேரே சென்று பார்த்து, அங்குப் பயிலும் மாணவரிடம் பேசுதல் நன்று. பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கும் தாய்மார், விடுதியைப் பார்ப்பதோடு நில்லாமல் அமில அறையையும் பார்த்து வருவார்களாக.

இனி விண்ணப்ப முறைக்கு வருவோம். பெரும்பாலும் நான்காண்டு நுண்கலைப் பட்டம் பெற்றவரையே சேர்த்துக்கொள்வர், படிப்பு ஈராண்டு. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுகலைச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்துள்ளது. எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும், படைப்புத் தொகுப்பும், நேர்காணலும் வைக்கும் நிலையங்களும் உண்டு. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆதலின் சென்ற ஆண்டு சேர்ந்த நண்பரின் சொல்லை நம்பி இராமல், அவ்வாண்டுக்குரிய அறிவிப்பேட்டை நிலையத்திடமிருந்தே பெற்று வரிவரியாகப் படித்தல் வேண்டும். இறுதி நாளைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளும் பொறுப்பைத் தந்தையார் ஏற்கலாம்.

விண்ணப்பத்தின் உயிர் படைப்புத் தொகுப்பே. முதலாண்டு முதல் செய்த அனைத்தையும் அடுக்கி அனுப்புவது பலரிடம் காணும் வழக்கம். அது தேர்வாளரைச் சோர்வடையச் செய்யும். ஒரு பொருளை விடாது பற்றி, தகட்டுக்குத் தகடு முன்னேறிய சில படைப்புகள், ஒன்றோடொன்று உறவில்லாத பல படைப்புகளினும் மேலானவை. அச்சோவியத்திற்கே உரிய இன்னொன்றும் உண்டு. ஒரே தகட்டிலிருந்து வேலை நடக்க நடக்க எடுத்த முன்பதிவுகள் இரண்டு மூன்றை இறுதிப் பதிவோடு சேர்த்துக் காட்டலாம். எங்கே கோடு தவறியது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை அவை சொல்லும். மாணவரின் சிந்தனையை ஆசிரியர் அவற்றிலேயே காண்பார்.

தொகுப்பைப் படமெடுத்து அனுப்பக் கோரினால், கண்ணாடிச் சட்டத்திலிருந்து பதிவை வெளியே எடுத்து, நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், தாளின் ஓரம் நான்கும் தெரியும்படி எடுத்தல் நலம். ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு, முறை, அளவு, ஆண்டு, பதிவு எண் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஒரே தொகுதியின் பதிவுகள் ஒரு சீராக இருத்தலும், தாளின் ஓரம் மைக்கறையின்றித் தூய்மையாக இருத்தலும் சிறு செய்திகள் போலத் தோன்றும். பட்டறை ஒழுக்கம் அவற்றில்தான் வெளிப்படுகிறது.

பொருளைப் பற்றியும் ஒரு சொல். தமிழர் என்பதைக் காட்ட வேண்டும் என்றெண்ணி, கண்ணால் நன்கு கண்டிராத கோபுரத்தையும் கோலத்தையும் நம் பிள்ளைகள் சிலர் வரைகின்றனர். அவற்றோடு உண்மையான உறவிருந்தால் வரையட்டும். அன்றேல் தாம் வளர்ந்த இரயில்வே குடியிருப்பையும், ஆலைத் தெருவையும், விடுமுறைதோறும் ஊர் செல்லும் இரண்டாம் வகுப்புப் பெட்டியையும் வரையட்டும். வேற்றூரில் வளர்ந்த தமிழ்ப்பிள்ளையின் வாழ்வு அதுவேயன்றோ?

நோக்க உரை என்று ஒரு பக்கம் எழுதக் கேட்பர். "சிறு வயது முதலே எனக்குக் கலையில் ஆர்வம் உண்டு" என்று தொடங்குவது எல்லாரும் எழுதுவது. அதனால் எதுவும் விளங்காது. "துத்தநாகத் தகட்டில் கோடு எனக்குக் கைவந்தது, மழைக்கால வானத்தின் சாம்பல் நிறம் வரவில்லை, பிசின்தூளைத் தூவி நிழலைப் பெறும் அக்வாடின்ட் முறையை எங்கள் கல்லூரியில் கற்க வசதி இல்லை, அதனைக் கற்கவே இங்கு வருகிறேன்" என்று ஒரு மாணவி எழுதினால், அவர் கேட்பது யாது, அந்நிலையம் கொடுக்கக்கூடியது யாது என்னும் இரண்டும் உடனே புலனாகும். செய்தது, செய்ய இயலாதது, செய்ய விரும்புவது என்னும் மூன்றையும் தம் சொற்களிலேயே எழுதுவாராக. பிறர் எழுதித் தந்த அழகிய ஆங்கிலம் நேர்காணலில் துணை நில்லாது. இத்தகட்டை அமிலத்தில் எவ்வளவு நேரம் வைத்தாய், ஏன் செம்பைக் கொள்ளவில்லை என்று ஆசிரியர் கேட்கக்கூடும். உழைத்த கைக்கு அவ்விடைகள் தாமே வரும்.

முதல் முயற்சியில் இடம் கிடைக்காமற் போகலாம். அந்த ஓராண்டை வீணென்று கருத வேண்டா. மரச்செதுக்குக்கும் லினோலியச் செதுக்குக்கும் பொறி இன்றியமையாதது அன்று. மையேற்றிய பலகையின்மேல் மெல்லிய தாளை இட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்தே பதிவு எடுக்கலாம். சமையலறை மேசையில் ஓராண்டு இவ்வாறு உழைத்தவரின் தொகுப்பு, அடுத்த ஆண்டு முன்னினும் வலிமையுற்றிருக்கும்.

வாழ்வு யாது என்னும் வினா எஞ்சியுள்ளது. பதிவுகளை விற்ற பொருளால் மட்டுமே குடும்பம் நடத்துவோர் சிலரே என்பதை மறைப்பதிற் பயனில்லை. கல்லூரி ஆசிரியர் பணிக்குரிய நெட் தேர்வில் காட்சிக்கலையும் ஒரு பாடமாக உள்ளது. பள்ளிகளில் கலையாசிரியர் பணி, நூல்களுக்கு ஓவியம் வரைதல், வடிவமைப்பு, அருங்காட்சியகப் பணி ஆகியவையும் உண்டு. மெய்யான இடர் வேறொன்று: படிப்பு முடிந்த மறுநாள் பொறி கைவிட்டுப் போகிறது. பட்டம் பெற்றும் இக்கலையைக் கைவிடுவோர் பலர்க்கு, திறமைக் குறைவினும் பட்டறை இன்மையே காரணமாகிறது. ஆகவே சேரும்போதே, பின்னர் எங்கே பதிப்பது என்றும் எண்ணிக்கொள்ள வேண்டும். 1954இல் அமைந்த லலித் கலா அகாதெமி, தில்லியில் 1976இல் கடி என்னுமிடத்தில் கலைஞர் பட்டறைகளைத் தொடங்கியது. சென்னை, கொல்கத்தா, புவனேசுவரம், இலக்னோ ஆகிய ஊர்களிலும் அதன் வட்டார நிலையங்கள் உள்ளன. நண்பர் நால்வர் கூடிச் சிறு பொறி ஒன்றை வாங்குவதும் நடக்கக்கூடியதே.

தேவகோட்டையிற் பிறந்து சென்னையில் பயின்ற ஆர். எம். பழனியப்பன், 1991இல் அமெரிக்காவின் டாமரிண்ட் நிலையத்தில் கல்லச்சுப் பயிற்சி பெற்றார். சித்தூர் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ண ரெட்டி, சாந்திநிகேதனத்தில் பயின்று, சென்னைக் கலாசேத்திரத்தில் பணியாற்றி, பின் இலண்டனும் பாரிசும் சென்றார். நெகிழ்ச்சி வேறுபட்ட மைகளை ஒரே தகட்டில் ஏற்றிப் பல வண்ணங்களையும் ஒரே அழுத்தத்தில் பதிக்கும் முறையைப் பாரிசில் பிறருடன் கூடி வளர்த்து உலகப் புகழ் எய்தினார். ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறைக்கு என்று நடந்த வாழ்வுகள் இவை.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பு வேண்டாம் என்று முடிவு செய்வதாயினும், பிள்ளையின் படைப்புத் தொகுப்பை ஒருமுறை விரித்து வைத்து, ஒவ்வொரு பதிவும் எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்டறிந்த பின் முடிவு செய்யுங்கள். பிள்ளை தடுமாறாமல் விளக்கினால், விண்ணப்பத்திற்கு வேண்டிய ஆயத்தம் ஏற்கெனவே நிகழ்ந்துள்ளது என்று கொள்ளலாம். விளக்க இயலாமற் போனால், இன்னும் ஓராண்டு உழைத்துவிட்டு விண்ணப்பிக்குமாறு அன்புடன் சொல்லலாம்.