சில்லருக்குக் காசில்லையா? அப்போ பவளத் தொட்டி வேண்டாம்

சென்னையில் கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வரிசையில்தான் செலவழிக்கிறார்கள். முதலில் தொட்டி. அப்புறம் நீல வெளிச்சம் அடிக்கிற எல்.இ.டி., ஸ்கிம்மர், கல், உப்பு, ஒரு ஜோடி நீமோ. ஏப்ரல் பிறந்து தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டதும்தான் "அண்ணே, இதுக்கு சில்லர் வேணுமா?" என்று கடைக்குப் போன் போகும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. சில்லருக்குக் காசு ஒதுக்கிய பிறகு மற்றதெல்லாம். முடியவில்லையா, கப்பி, மோலி, ஏஞ்சல் வளர்க்கலாம். அதுவும் அழகுதான்.

கடையில் சொல்கிற பதில் நமக்குத் தெரிந்ததே. "ஃபேன் போதும் தம்பி." பாதி உண்மை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால், 100 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 6 டிகிரி அளவு வெப்பத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவியாக்கி எவ்வளவு தூரம் குளிர்விக்கலாம் என்பதற்கு ஒரு தரை உண்டு. அதுதான் வெட் பல்ப் வெப்பநிலை. (நம்ம கிளாஸ் பசங்களுக்கு மட்டும்: தெர்மோ பேப்பரில் சாய்ஸில் விட்டோமே, அதேதான் :-) ) கோயம்புத்தூர் காற்று காய்ந்திருந்தால் ஃபேன் ஜமாய்க்கும். கடற்காற்று வீசும் சென்னையில் மே, ஜூனில் அந்தத் தரையே 27, 28 டிகிரியில் கிடக்கும். எத்தனை ஃபேன் வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. நடைமுறையில் அதுவரைகூட வராது.

"மன்னார் வளைகுடாவிலேயே தண்ணீர் 30 டிகிரி இருக்குதே, அங்கே பவளம் வாழலையா?" என்று ஒரு சீனியர் மடக்கினார். நல்ல கேள்வி. கடலில் வெப்பம் வாரக்கணக்கில் மெல்ல ஏறி இறங்கும். 100 லிட்டர் தொட்டியில் காலை 27, மதியம் 31 என்று ஒரே நாளில் ஊஞ்சலாடும். தவிர, அங்கேயும் எல்லாம் சௌக்கியமாக இல்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. பவளத்தின் உடம்புக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகிற நுண்பாசிகள் சூடு தாங்காமல் வெளியேறுவதுதான் வெளுப்பு. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே போதும். கடலுக்கே இந்த கதி என்றால் ஹாலில் இருக்கிற கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்?

இடையில் ஒரு விஷயம். கல் பவளம், கடல் விசிறி போன்றவை 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. ராமேஸ்வரத்திலிருந்து எடுத்து வந்தது என்று யாராவது காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். நான் பேசுவது காளான் பவளம், ஜோவாந்திட் மாதிரி மென்மையான உயிர்களை வைக்கும் சின்னத் தொட்டிகளைப் பற்றி. அவற்றையும் பில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று சொல்லி விற்கும் இடத்தில்தான் வாங்க வேண்டும்.

சரி, எந்த சில்லர்? அட்டையில் "200 லிட்டர் வரை" என்று போட்டிருப்பதை நம்பி வாங்குவதுதான் பெரிய ஏமாற்றம். அந்தக் கணக்கு எத்தனை டிகிரி அறைக்கு என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். நம் 35 டிகிரி ஹாலுக்கு அது பொருந்தாது. 1/10 எச்.பி. என்பதும் கம்பிரஸர் மோட்டாரின் பலம், சுமார் 75 வாட். எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது வேறு எண். அதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கையேட்டில் பார்க்கலாம்.

நமக்கு எவ்வளவு தேவை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மீன் விடுவதற்கு முன், நல்ல வெயில் நாளில், விளக்கு, பம்ப் எல்லாம் ஓடவிட்டு, ஐஸ் பாட்டில்களை மிதக்கவிட்டுத் தண்ணீரை 26-க்கு இறக்குங்கள். பாட்டில்களை எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 100 லிட்டரில் மணிக்கு ஒரு டிகிரி ஏறினால் உள்ளே வரும் வெப்பம் சுமார் 116 வாட். அதைப்போல இரண்டு மடங்கு வெளியேற்றும் சில்லர் வாங்கினால் அது பாதி நேரம் ஓய்வெடுக்கும். கணக்காக வாங்கினால் நாள் முழுக்க மூச்சு வாங்கும், சீக்கிரம் படுக்கும்.

கம்பிரஸர் இல்லாத பெல்டியர் வகை மலிவாகக் கிடைக்கிறது. சத்தமும் குறைவு. இருபது லிட்டர் பொம்மைத் தொட்டிக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் கரண்டைக் குடித்துவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் ஓடும் சுருள் டைட்டானியமா என்று மறக்காமல் கேளுங்கள். செம்பு என்றால் அந்தக் கடையை விட்டே வெளியே வந்துவிடலாம். உப்புத் தண்ணீரில் கரையும் செம்பு, பவளம், இறால், நத்தை எல்லாவற்றுக்கும் விஷம்.

வாங்கின பிறகு அதை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? தொட்டிக்குக் கீழே, மரப்பெட்டிக்குள், கதவைச் சாத்தி! அழகுக்காம். சில்லர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. தண்ணீரிலிருந்து எடுத்ததோடு தான் தின்ற கரண்டையும் சேர்த்து வெளியே தள்ளும். மூடிய பெட்டிக்குள் அந்தச் சூட்டையே திரும்ப இழுத்துத் திணறும். நாலு பக்கமும் காற்றாட, முடிந்தால் ஜன்னலோரம் வைக்க வேண்டும்.

ஃபில்டரைத் தாண்டி வரும் சுத்தமான தண்ணீர்தான் சில்லருக்குள் போக வேண்டும். பம்பின் வேகம் கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருக்கட்டும். குழாய் குட்டையாக, மடங்காமல் இருந்தால் நல்லது. வயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி மேலே ஏறினால் சொட்டும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. உப்புத் தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

எத்தனை டிகிரியில் வைப்பது? வெளிநாட்டுப் புத்தகங்கள் 25 என்கும். நம்ம ஊருக்கு 27 என்பேன். குறைவாக இருப்பதைவிட ஆடாமல் இருப்பது முக்கியம். ஒவ்வொரு டிகிரிக்கும் பில் ஏறும். 150 வாட் சில்லர் தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 90 யூனிட். இதையும் முதலிலேயே அப்பாவிடம் சொல்லிவிடுவது உத்தமம்.

கரண்ட் போனால் சில்லரை இன்வெர்ட்டரில் போடாதீர்கள். மலிவான இன்வெர்ட்டர் கம்பிரஸருக்கு ஆகாது, பேட்டரியும் தாங்காது. தண்ணீரைச் சுழற்றும் பம்பும் ஏர் பம்பும் மட்டும் ஓடினால் போதும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, மீன் முதலில் மூச்சுத் திணறித்தான் சாகும். கரண்ட் திரும்பியதும் கம்பிரஸர் மூன்று நிமிடமாவது தாமதித்துக் கிளம்ப வேண்டும். அந்த வசதி உள்ளே இல்லையென்றால் ஃப்ரிட்ஜுக்கு மாட்டுகிற, டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் போதும்.